சோம்பேறிக் கண்ணுக்குப் பேட்ச்சா, சொட்டு மருந்தா?

மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அதிர்ஷ்டம் கிடக்கட்டும். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்கப் பிள்ளையின் மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. கண்ணுக்குள் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, பார்வை மட்டும் வளராமல் நின்றுவிடும். மாறுகண்ணால் வரும் சோம்பேறிக் கண் என்பது இதுதான்.

முதல் வேலை கண்ணாடி. அதில் போட்டியே இல்லை. மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து பவர் பார்த்து, சரியான கண்ணாடியைச் சில மாதம் விடாமல் போட்டாலே சில பிள்ளைகளுக்குப் பார்வை முழுதாகத் தேறிவிடும். அதிக பிளஸ் பவரால் மூக்குப் பக்கம் திரும்பும் கண், கண்ணாடி போட்டாலே நேராவதும் உண்டு. அப்படியும் தேறாதவர்களுக்குத்தான் பேட்ச்சா சொட்டா என்ற கேள்வி.

பேட்ச் என்றால் நல்ல கண்ணை மூடி, மந்தமான கண்ணை வேலை வாங்குவது. நடுத்தரக் குறைக்குத் தினம் 2 மணி நேரமே போதும், கடுமையான குறைக்கு 6 மணி நேரம் வரை போகும். தோலில் ஒட்டுகிற பேட்ச்தான் நல்லது. கண்ணாடிமேல் மாட்டினால் பிள்ளை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிடும். ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்த்து, அரித்து, அரை மணியில் பிய்த்துப் போட்டுவிடும். பள்ளியில் கேலி வேறு.

அட்ரோபின் சொட்டும் நல்ல கண்ணில்தான். கிட்டத்தில் பார்க்கும்போது அந்தக் கண் மங்கலாகிவிடும். எழுதவும் படம் பார்க்கவும் மூளை மற்ற கண்ணைத் தேடும். ஊமத்தையில் இருக்கும் அதே அட்ரோபின்தான் இது. அதனால் பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். முகம் சிவந்து உடம்பு சுட்டால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாப்பா விரிந்தே இருப்பதால் வெயிலில் கண் கூசும், தொப்பி வேண்டும். பேட்ச்சைப் போல நினைத்தால் கழற்றிவிட முடியாது. விட்ட மருந்தின் வேகம் இறங்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

சரி, எது ஜெயிக்கிறது? 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நடுத்தரக் குறை உள்ள, 7 வயதுக்கு உட்பட்ட 419 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 5 வாரத்தில் பேட்ச் முந்தியது. 6 மாதத்தில் இரு தரப்பும் கண் அட்டையில் ஏறக்குறைய 3 வரி முன்னேறி, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. பிறகு வந்த ஆய்வில், தினமும் விடுவதற்குப் பதில் சனி, ஞாயிறு மட்டும் சொட்டு விட்டாலும் பலன் குறையவில்லை.

அந்தச் சனி, ஞாயிறுதான் என் கணக்கை மாற்றியது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பேட்ச் பாட்டி பொறுப்பு. பேரன் அழுதால் பாட்டி கழற்றிவிடுவார், அதில் தப்பு சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குச் சொட்டுதான். ஆனால் நல்ல கண்ணில் மைனஸ் பவர் இருந்தால் பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணாலேயே கிட்டத்தில் படித்துவிடும், சொட்டு வீண். மந்தமான கண் மிகவும் பின்தங்கியிருந்தால், மங்கலான நல்ல கண்கூட அதைவிடத் தெளிவாகத் தெரியும். அங்கே நான் பேட்ச் பக்கம். எதை எடுத்தாலும் நல்ல கண்ணின் பார்வை குறைகிறதா என்று டாக்டர் சொன்ன தேதியில் காட்டியாக வேண்டும்.

அறுவை சிகிச்சை இந்தப் போட்டியில் இல்லை. அது கண் தசையைச் சரிசெய்து கண்ணை நேராக்கும், பார்வையை வளர்க்காது. அதேபோல் பேட்ச் போட்டால் மாறுகண் நேராகும் என்று காத்திருப்பதும் வீண்.

அப்புறம், நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று கண் விலகினாலோ, போட்டோவில் ஒரு கண் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ பேட்ச், சொட்டு என்று யோசிக்கவே வேண்டாம். உடனே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.