ஆறு வருஷத்து ஃபைபர் வள்ளம்: கணக்கு நோட்டு எழுதுகிறவள் சொல்வது

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் என் வீட்டுக்காரர், கணக்கு எழுதுகிறவள் நான். மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், ஏலத்தில் சாளை என்ன விலைக்குப் போனது, கூட வந்தவர்களுக்கு எவ்வளவு, வள்ளத்துப் பங்கு எவ்வளவு என்று எழுதி எழுதி வருஷத்துக்கு நான்கு நோட்டு தீர்ந்துவிடும். ஃபைபர் வள்ளம் எப்படி, வாங்கலாமா என்று கரையில் யாராவது கேட்டால் அவர் "நல்லாத்தான் போவுது" என்று முடித்துவிடுவார். மீதியை நோட்டைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

வாங்கியது 2019 தை மாதம். 28 அடி. வள்ளம் மட்டும் 2 லட்சத்து 10 ஆயிரம். எஞ்சின் என் கொழுந்தனிடம் இருந்த பழைய 9.9 குதிரைசக்தி. கட்டிக் கொடுத்த யார்டின் பெயரை இங்கே எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அதுதான் மரியாதை.

முதலில் நல்லது. ஆறு கடலில் சேருகிற மணக்குடிப் பொழிமுகத்தில் அலை உடையும்போது வள்ளம் சட்டென்று எழும்பி வெளியே போய்விட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில் ஃபைபரை மிஞ்ச முடியாது. தண்ணீர் குடிக்காத வள்ளம் வாங்கிய அன்று என்ன கனமோ ஏறக்குறைய அதே கனம்தான் இன்றைக்கும். மரம் அப்படியில்லை. என் அப்பாவின் வள்ளம் மாசியில் ஒரு கனம், ஐப்பசியில் ஒரு கனம். கரைக்கு இழுக்கும்போது வித்தியாசம் தோளில் தெரியும் என்பார். இதில் மண்ணெண்ணெய் குறைகிறது. அது நோட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் இறைக்க என்று ஒரு பையனைக் கூட்டிப் போக வேண்டியதில்லை. விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன், ஜூலை தடைக்காலம். வள்ளத்துக்கு அது கிடையாது, மீனுக்கும் விலை நிற்கும். அந்த இரண்டு மாதத்தில் கடல் கொஞ்சம் இடம் கொடுத்த நாளெல்லாம் எங்கள் வள்ளம் தொழிலுக்குப் போயிருக்கிறது. அப்பாவின் வள்ளம் அதே ஆனி, ஆடியில் தென்னைக்குக் கீழே பிரித்துப் போட்டுக் கிடக்கும்.

பிரித்து என்றால் நிஜமாகவே பிரித்துத்தான். அது அயனிப் பலகையில் செய்த தையல் வள்ளம். ஆணி கிடையாது. பலகையின் ஓரமெல்லாம் துளை போட்டு, இடையில் சகிரி, அதாவது தேங்காய் நார், வைத்து, கயிற்றால் தைத்திருப்பார்கள். உப்பிலும் வெயிலிலும் கயிறு இற்றுப் போகும் என்பதால் வருஷம் ஒருமுறை தையலைப் பிரித்து, பலகையைக் காயவைத்து, புதுக் கயிறு போட்டுத் தைக்க வேண்டும். முட்டத்துக்கு மேற்கே என் பிறந்த வீட்டில் அந்த நாட்கள் திருவிழா மாதிரி. ஆசாரி வருவார், பாட்டா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்து குறை சொல்வார், அம்மை கட்டன் சாயா போட்டே களைத்துப் போவாள்.

தைத்து முடித்ததும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை; கொட்டையின் தோட்டிலிருந்து வரும் அந்தக் கறுத்த எண்ணெய் சுலபமாகக் கிடைக்கும். மரத்தைப் புழுவிடமிருந்து காக்கும், மனிதர் தோலைப் பொசுக்கிவிடும். பத்து வயதில் அந்த வாளியைத் தூக்கப்போய் என் இடது முழங்கையில் பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. முந்திரி ஆலைக்குப் போன என் சித்தியின் விரல்களும் அதே கறுப்பு. ஆகவே மர வள்ளத்தைப் பற்றி யாராவது கவிதை மாதிரிப் பேச ஆரம்பித்தால் நான் முழங்கையைக் காட்டுவேன்.

ஃபைபரும் சும்மா விடாது. வாங்கின முதல் மாதம் அவருடைய கைலியை மற்ற துணியோடு சேர்த்து ஊறவைத்துவிட்டேன். வள்ளத்தின் உள்ளே ஓரம் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். அதில் உரசி உரசிக் கைலி முழுக்கக் கண்ணாடி இழை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையிலும் ஏறி, வீடே மூன்று நாள் சொறிந்துகொண்டு திரிந்தது. பிசின் வாடையும் வைகாசி வரைக்கும் போகவில்லை.

சத்தம் இன்னொன்று. மர வள்ளம் அலையில் ஏறி விழும்போது 'தொம்' என்று உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும். ஃபைபர் 'பட்டார்' என்று அடிக்கும். நான் கரையில் நின்று கேட்டதை வைத்துச் சொல்கிறேன். அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்முனையில், உட்காருகிறவரின் இடுப்பைக் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்லும். கணக்கு நோட்டில் 2021இலிருந்து தைலத்துக்கென்று தனியாக ஒரு வரி வருகிறது.

இனி பெரிய குறைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023 ஆவணியில் எஞ்சின் வழக்கத்துக்கு மேல் நடுங்க ஆரம்பித்தது. எஞ்சினைப் பிடிக்கிற போல்ட் தளர்ந்திருக்கும் என்று அவர் முறுக்கினார். அடுத்த வாரம் மறுபடி தளர்ந்தது, மறுபடி முறுக்கினார். ஒவ்வொரு வாரமும் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உள்ளே போக அங்கே இடம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மை இறந்த பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கடலுக்குப் போகாத நாள், பூசை முடிந்து வந்து வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மடியிலிருந்து பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசை எடுத்துப் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போனார். 'டங் டங்' என்று வந்த சத்தம் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் 'பொத் பொத்' என்றது. "மக்களே, இது உள்ளே செத்துப் போச்சு" என்றார்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. போல்ட்டைக் கழற்றினோம். துளை வழியாகப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது, ஒரு டம்ளர் இருக்கும். பழுதுபார்க்க வந்தவர் மேல்தோலை அறுத்துக் காட்டினார். உள்ளே இருந்தது பிளைவுட். கையால் அள்ளலாம் போலக் குழைந்து கிடந்தது, கூடுதலாக வெந்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி.

ஃபைபர் வள்ளம் என்றால் முழுக்க ஃபைபர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எஞ்சின் தொங்குகிற பின்பலகைக்கு உறுதி வேண்டும் என்பதால் நடுவில் பலகை வைத்து இரண்டு பக்கமும் கண்ணாடி இழைப் பாயும் பிசினும் போட்டு மூடுகிறார்கள். எல்லா யார்டிலும் வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் போல்ட்டுக்குத் துளை போட்டபோது அந்தத் துளையின் உள்சுவரைப் பிசினால் அடைக்காமல் விட்டுவிட்டார்கள். நான்கரை வருஷமாக உப்புத்தண்ணீர் அதன் வழியே உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் இருந்திருக்கிறது. வைத்ததும் சாதாரணப் பிளைவுட். கடைகளில் பலகை மேல் முத்திரை இருக்கும்: கடல் வேலைக்கானது ஐ.எஸ். 710, வீட்டு அலமாரிக்குப் போடுவது ஐ.எஸ். 303. இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. எங்கள் 2 லட்சத்து 10 ஆயிரத்தில் அந்த வித்தியாசத்தை யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். யார்டுக்குப் போன் செய்தால் "எஞ்சின் பாரம் கூடுதலா இருக்கும்" என்றார்கள்.

பழுதுபார்க்க 19 ஆயிரம். அது போகட்டும், 12 நாள் தொழில் போனதுதான் வலித்தது. புரட்டாசியில் கணவாய் பட்டுக்கொண்டிருந்தது.

அப்பா அன்றைக்கு ஒன்று சொன்னார். அவருடைய வள்ளத்தில் ஒரு பலகை கெட்டால் முதலில் நிறம் மாறும், பிறகு தண்ணீர் கசியும், பிறகு பிரிக்கிற மாதத்தில் கையிலேயே வந்துவிடும். கெடுவதற்கு முன்னால் அது மூன்று தடவை சொல்லும். இதற்குள் இருக்கிற பலகைக்குச் சொல்ல வாய் இல்லை. எனக்கு மரத்தின் மேல் உள்ள ஆசை என்னவென்று யோசித்தால் இங்கேதான் வந்து நிற்கிறது. வாசனை, அழகு எல்லாம் இருக்கட்டும். அந்த வள்ளத்தில் என்ன கேடு என்று பத்து வயதுப் பெண்ணுக்கும் பார்த்தால் தெரியும்.

அதற்காக ஃபைபரைப் பழுதுபார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன வருஷம் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுக் கல்லில் மோதி, வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் ஒரு முழம் கிழிந்தது. காய்ந்த வெயில். காலையில் தேய்த்து, மதியம் பாய் வைத்துப் பிசின் தடவி, மறுநாள் கடலுக்குப் போயாயிற்று. செலவு 1,800. இதே அடி மர வள்ளத்துக்கு விழுந்திருந்தால் தைக்கத் தெரிந்த ஆசாரியைத் தேடி எங்கே போவது? அப்பாவுக்குத் தைத்துக் கொடுத்தவரின் மகன் நாகர்கோவிலில் வீட்டுக் கதவு செய்கிறார். நல்ல சம்பாத்தியம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அயனி மரத்தின் விலையையும் நான் விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது, பலருக்கு மறந்துவிட்டது. 1980களில் முட்டத்தில் கடல் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்தார்கள். பிறகு சிஃப்ஸ் என்று நாம் சொல்லும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் யார்டுகளில் நிறையக் கட்டிக் கொடுத்தது. பலகையை அளவாக வெட்டி, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் ஃபைபர் நாடா ஒட்டிப் பிசின் பூசுவார்கள். என் அப்பா முதன்முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து "தைச்சதுதானே, பின்ன என்ன" என்றாராம். கயிறு கம்பியானது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இன்றைக்கு நான் புதிதாக வாங்குவதாக இருந்தால் நல்ல பிளைவுட் வள்ளம் எங்கே கிடைக்கும் என்று ஒரு சுற்று விசாரித்த பிறகுதான் ஃபைபருக்கு முன்பணம் கொடுப்பேன்.

மிதப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுமரம் மூழ்காது, மூழ்க அதற்கு உள்பக்கமே கிடையாது, அலை மேலே ஏறி இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். (அந்தப் பெயரை எடுத்துப் போன வெள்ளைக்காரன் இரண்டு உடம்பு உள்ள சொகுசுப் படகுக்கு வைத்திருக்கிறான். அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை.) மர வள்ளத்தில் தண்ணீர் நிறைந்தாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். கண்ணாடி இழையும் பிசினும் தண்ணீரைவிடக் கனம். உள்ளே காற்று அறையோ நுரையோ இல்லையென்றால் வள்ளம் நேராகக் கீழே போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததை மறந்தவர்கள் இந்த மாவட்டத்துக் கரையில் யாரும் இருக்க முடியாது. ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் வள்ளத்து அணியத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே தெர்மோகோல் துண்டுகள், அதில் ஒரு மூலை கரைந்து போயிருந்தது. எஞ்சின் கிளப்ப வைத்திருந்த பெட்ரோல் அங்கே சிந்தியிருக்கிறது. பெட்ரோல் பட்டால் தெர்மோகோல் நிற்காது. பெட்ரோலுக்குக் கரையாத நுரையாகப் போடச் சொல்லி வாங்குங்கள்.

யார்டுக்குப் போகும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்? மழை நாளில் கட்டியதை எடுக்காதீர்கள், ஈரத்தில் பிசின் சரியாகப் பிடிக்காது. உள்பக்கத்தில் பால் நிறத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் இழை பிசின் குடிக்கவில்லை. மணலில் இழுக்கிற இடத்தில், அடியில், கூடுதலாக ஒரு பாய் போடச் சொல்லுங்கள். பின்பலகைக்கு வைக்கப் போகும் பிளைவுட்டை மூடுவதற்கு முன்னால் நேரில் பார்த்து முத்திரையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு கனத்த காசு கையில் இருக்கட்டும்.

செத்த வள்ளம் என்ன ஆகும் என்பதும் என் கணக்கில் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அப்பாவின் வள்ளத்தை உடைத்தது. மிஞ்சிய இரண்டு பலகையில் ஒன்று எங்கள் அடுக்களையில் பெஞ்சாக இருக்கிறது, தையல் துளைகளோடு. நான் அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மீதி அந்த வருஷம் விறகானது. அப்புறம் நிவாரணமாக அவருக்கு ஒரு ஃபைபர் கிடைத்தது. சுவர் மெலிந்த வள்ளம், நான்கு வருஷம்தான் ஓடியது. அது இன்னும் என் பிறந்த வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. மட்காது, எரித்தால் புகையில் நிற்க முடியாது, எடுத்துப் போக யாரும் வருவதில்லை. கோழி முட்டையிடுகிறது.

சரி, வாங்கலாமா? தொழிலுக்கு என்றால் ஃபைபர்தான் வாங்குவேன், இந்தத் தடவை கண் திறந்து. பழையாற்றுக் காயலில் வலை வீச மட்டும் என்றால் சின்ன மர வள்ளம் போதும், இரண்டு பேர் தூக்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் அதற்கு ஒரு மூடியும் இருக்கும். யார்டில் ஒரு மூடிதான் கொடுப்பார்கள். கேட்டு இன்னொன்று வாங்கி எஞ்சின் பையில் கட்டிவையுங்கள். என் வீட்டுக்காரர் மூடியில்லாமல் பொழி தாண்டிப் போய், கைலியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு திரும்பி வந்த கதையை அவரே சொல்லட்டும்.