தோனி: வேரியபிள் புரியாதவர்களுக்கு இதைத்தான் போட்டுக் கொடுப்பேன்

பைத்தான் என்ற நிரல் மொழி படிக்க ஆரம்பிக்கிறேன், எந்த மென்பொருளைப் போடலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது தோனி. கிரிக்கெட் தோனி இல்லை. எஸ்டோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தில், புதிதாக நிரல் எழுதுகிறவர்களுக்காகவே உருவாக்கிய எடிட்டர், அதாவது நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் இது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பைத்தானும் கூடவே வந்துவிடுவதால் அதைத் தனியாக இறக்கி 'பாத்' (பைத்தான் எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு) சரிசெய்கிற தலைவலி கிடையாது. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான் இருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எடிட்டராகப் பார்த்தால் சாதாரணம்தான். விஎஸ் கோட் மாதிரி பெரிய எடிட்டர் பழகியவர்களுக்குப் பொம்மை மாதிரி தெரியும். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதற்காகவே போடலாம்: ஒரு வரியை பைத்தான் எந்த வரிசையில் கணக்குப் போடுகிறது என்பதைக் கண் முன்னால் துண்டு துண்டாகக் காட்டும்.

எஃப் 5 அழுத்தினால் நிரல் ஓடும், அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். கன்ட்ரோலோடு சேர்த்து எஃப் 5 அழுத்துங்கள், டீபக் ஆரம்பிக்கும், அதாவது நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் எஃப் 6 அழுத்தினால் பெரிய அடி, ஒரு வரியை ஒரே எட்டில் தாண்டும்; எஃப் 7 அழுத்தினால் சின்ன அடி, வரிக்குள்ளே துண்டு துண்டாக நகரும். இந்த எஃப் 7-தான் சரக்கு. உதாரணத்துக்கு விலை = 12, அளவு = 3, மொத்தம் = விலை * அளவு + 5 என்று மூன்று வரி வைத்துக்கொள்வோம் (பைத்தான் 3 வேரியபிளுக்கு, அதாவது ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் மாறிக்கு, தமிழில் பெயர் வைக்க விடும், ஆனால் பரீட்சையிலும் வேலையிலும் ஆங்கிலப் பெயர்தான் என்பதால் அதிலேயே பழகுவது நல்லது; இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்). மூன்றாவது வரிக்கு வந்ததும் சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ள கணக்கு ஒரு வெளிர்நீலப் பெட்டிக்குள் போகும். விலை இருந்த இடத்தில் 12 வரும், அளவு இருந்த இடத்தில் 3 வரும், அந்த இரண்டையும் பெருக்கி 36 ஆகும், பிறகு 5 கூடி 41. அதுவரைக்கும் வேரியபிள் பட்டியலில் (எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு என்று காட்டும் பலகம்) மொத்தம் என்ற பெயரே இருக்காது. கணக்கு முடிந்த பிறகுதான் அந்தப் பெயர் பிறக்கிறது.

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1 என்ற வரியைப் பார்த்து, கணக்கு நன்றாகப் போடுகிற பிள்ளைகள்தான் அதிகம் திணறுவார்கள், ஏனென்றால் அல்ஜீப்ராவில் அது பொய். "இது சமன்பாடு இல்லை, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வை என்ற கட்டளை" என்று எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே கேட்பார்கள். எஃப் 7-ஐ சில தடவை தட்டச் சொன்னால் போதும். எண்ணிக்கை 3 என்று இருந்தால், அந்தப் பழைய 3 முதலில் உள்ளே வருகிறது, 4 ஆகிறது, பட்டியலில் 3 போய் 4 உட்காருகிறது. நான் எதுவும் சொல்லவே வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பமும் இதில் தீரும். எக்செல் தெரிந்தவர்கள், மேலே சொன்ன விலை, அளவு நிரலின் கடைசியில் விலை = 15 என்று ஒரு வரி சேர்த்தால் மொத்தமும் தானாக மாறிவிடும் என்று நினைப்பார்கள். பட்டியலில் விலை 15 ஆகும், மொத்தம் 41 அப்படியே நிற்கும். அந்தப் பெயரில் இருப்பது வெறும் 41, எந்த வாய்பாட்டிலிருந்து வந்தது என்று அதற்கு நினைவில்லை.

சராசரி கணக்கையும் போட்டுப் பாருங்கள். தமிழ் + ஆங்கிலம் + கணக்கு / 3 என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, மதிப்பெண் 80, 90, 70 கொடுத்தால் 80 வர வேண்டிய இடத்தில் 193 சொச்சம் வரும். வகுத்தல் கூட்டலுக்கு முந்தி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பைத்தான் முதலில் செய்வது 80 + 90 = 170, அதற்கப்புறம்தான் 70-ஐ மூன்றால் வகுக்கிறது, கடைசியில் இரண்டையும் கூட்டுகிறது. முன்னுரிமை என்பது எந்த எண் எந்தக் குறியோடு ஒட்டும் என்பதை முடிவு செய்கிறதே தவிர, எது முதலில் நடக்கும் என்பதை இல்லை. இதைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது, பெட்டியில் பார்த்தால் ஏறும்.

வேரியபிள் பட்டியலுக்குத் தனியாக ஒரு பாராட்டு. இன்புட் (பயனரைத் தட்டச்சு செய்ய வைக்கும் கட்டளை) மூலம் 12 என்று வாங்கினால் பட்டியலில் அது மேற்கோள்குறியோடு '12' என்று நிற்கும், எண் இல்லை, எழுத்துச் சரம் என்று அப்போதே தெரிந்துவிடும். அதை 3-ஆல் பெருக்கினால் 36 வராமல் '121212' வருவது ஏன் என்பதற்கு விளக்கம் அங்கேயே இருக்கிறது. 6 / 2 என்பது 3 ஆகாமல் 3.0 ஆவதும் அப்படித்தான், முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு (//). 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 காட்டும், அதற்குத் தோனியைத் திட்டாதீர்கள், தசம எண்களைக் கணினி இரும முறையில் வைத்துக்கொள்வதால் வருவது அது, வேறு மொழிகளிலும் இதே கதைதான்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். கோலாப் மாதிரி, நிரலைத் துண்டு துண்டாகப் பிரவுசரில் ஓட்டும் நோட்புக்கில் முந்தி எப்போதோ ஓட்டிய வரியின் மதிப்பு உள்ளே தங்கிவிடும், அந்த வரியை அழித்த பிறகும் நிரல் வேலை செய்கிற மாதிரி ஏமாற்றும். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

சரி, குறைகள். மேலே புகழ்ந்த வேரியபிள் பட்டியலை வியூ மெனுவில் போய் நாமே டிக் செய்து வரவழைக்க வேண்டும், புதியவருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. இந்த மென்பொருளின் உயிரே அதுதான், அதைக் கொண்டுபோய் மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதே மெனுவில் ஹீப் என்று ஒன்று இருக்கிறது, ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். திறந்தால் மாறிக்கு எதிரே மதிப்புக்குப் பதிலாக நினைவக அடையாள எண் வந்து நிற்கும், லிஸ்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு) படிக்கும்போது உதவும், இப்போது பயமுறுத்தும். சின்ன அடி டீபக்கர் மெதுவானது, ஆயிரம் தடவை சுற்றுகிற லூப்பை அதில் ஓட்டினால் தூங்கிவிடலாம். பிழை வந்தால் யோசனை சொல்ல அசிஸ்டன்ட் என்று ஒரு பலகம் உண்டு, மாறியின் பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றுக்குப் பரவாயில்லை, மற்றபடி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

போனை மட்டும் வைத்துப் படிக்கிறவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் பிரவுசரில் பைத்தான் டியூட்டர் என்ற தளத்தைத் திறக்கலாம், அதுவும் மாறிகளைப் படம் போட்டுக் காட்டும், ஆனால் வரி வரியாகத்தான் நகரும், ஒரு வரிக்குள்ளே கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் பிரித்துக் காட்டாது. பைத்தானோடு வரும் ஐடில் என்ற எடிட்டரிலும் டீபக்கர் இருக்கிறது, அதைப் புதியவருக்குக் காட்ட எனக்கு மனசு வராது.

ஏற்கெனவே ஃபங்ஷன், லூப் எல்லாம் எழுதத் தெரிந்தவர் என்றால் இதை இறக்க வேண்டாம், ஒரு வாரத்தில் அலுத்துவிடும். முதல் மாதம் கடக்க வேண்டியவருக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம், அரை நட்சத்திரத்தைக் குறைத்தது அந்த ஒளித்து வைத்த பட்டியலுக்காக. போட்டதும் முதல் வேலையாக வியூ மெனுவில் வேரியபிள்ஸை டிக் செய்துவிடுங்கள்.