கரடிப்போக்குக் கொமினிக்கேஷன்: வெளிநாட்டு இளைஞர் மாநாட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் தடுக்கி விழுந்தால் ஒரு கொமினிக்கேஷன், அதாவது போட்டோப் பிரதி, இணையம், படிவம் நிரப்புதல் எல்லாம் செய்து தருகிற கடை. ஆனால் வெளிநாட்டு மாநாட்டு விண்ணப்பம் என்று யாராவது கேட்டால் நான் ஒரே கடைக்குத்தான் அனுப்புகிறேன். ஐந்துக்கு நாலு புள்ளி. குறைத்த ஒன்றுக்குக் காரணம் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கடையின் பெயரை இதில் போடவில்லை. போடட்டோ என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை, இப்பவே உரமானியப் படிவத்தோட வாற சனத்துக்குக் கதிரை காணாது” என்றார் கடையை நடத்துகிற அக்கா. கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி ஏ9 றோட்டால் பரந்தன் பக்கம் கொஞ்சத் தூரம் நடவுங்கோ. லமினேட் செய்த மாதிரிப் படிவங்கள் வாசலில் கயிற்றில் தொங்கும், அதுதான்.

நான் தர்மபுரம். அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படித்து முடித்துவிட்டு இப்போது ஒரு விதைநெல் வேலைத்திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் நிற்கிறேன், ஊர் இளைஞர் கழகத்தில் செயலாளர். சர்வதேச இளைஞர் தலைமைத்துவ மாநாடு, முழுச் செலவும் இலவசம் என்று வட்ஸ்அப் குழுக்களில் கிழமைக்கு ஒரு போஸ்டராவது வரும். அப்படி வந்ததில் இரண்டைத் தெரிவுசெய்துகொண்டு இந்தக் கடைக்குப் போனேன்.

அக்கா படிவத்தைத் திறக்கவில்லை. முதலில் கேட்டது, “எந்த நாடு?”

நான் மாநாட்டின் தலைப்பைச் சொல்லத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நேபாளத்தில் என்றால் தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டுக்காரர் எங்களுக்கு அந்த வருடத்தின் முதல் 30 நாளுக்கு விசாக் காசு இல்லை. சிங்கப்பூர் என்றால் குறுகிய பயணத்துக்கு விசாவே தேவையில்லை. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, அமெரிக்கா என்றால் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 185 டொலர், மறுத்தாலும் அந்தக் காசு திரும்பி வராது. இதையெல்லாம் அவர் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மாநாட்டுக்கு எடுபடுவது ஒரு அலுவல், விசா எடுப்பது வேறொரு அலுவல். அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் விசா தந்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. கடைசி மாதங்களின் கணக்கு விபரத்தைத் தூதரகம் கேட்கும். எங்கள் வீடு வயல் வீடு. மாரிப் போகமான காலபோகம் வெட்டி நெல் விற்றால் மாசி, பங்குனியில் கணக்கில் காசு நிற்கும். உரக்கடைக் கடன், டிரக்டர் கூலி, அடைவில் இருக்கிற நகை என்று சித்திரைக்குள் வழித்துத் துடைத்துவிடும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்து கோடைச் சிறுபோகத்துக்கு ஏக்கர் கணக்கைக் குறைத்தால் அடுத்த மாசி வரைக்கும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுத ஒன்றும் இருக்காது. இந்தக் கணக்கை ஒரு விசா அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார்? அக்கா சொன்ன வழி எனக்குப் பிடித்தது: டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் யார் பொறுப்பு என்று மாநாட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது, நெல் விற்ற பற்றுச்சீட்டுகளை வருடக் கணக்காகச் சேர்த்து வைப்பது. “அப்பாட்டைச் சொல்லும், துண்டுகளை எறிய வேண்டாமெண்டு.” அப்பா அதுவரைக்கும் அவற்றில் புகையிலை சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

முழுச் செலவும் இலவசம் என்ற போஸ்டர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். படிவத்தில் பெரும்பாலும் மூன்று தெரிவு இருக்கும்: முழு நிதி, பாதி நிதி, சொந்தச் செலவு. போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது முதலாவது. அதற்கு ஒரு சில இடங்கள்தான், மிச்ச மண்டபத்தை நிரப்புவது சொந்தச் செலவுக்காரர். எல்லா மாநாட்டையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் கூடாது. 2010இல் லண்டனில் தொடங்கிய ‘வன் யங் வேர்ல்ட்’ மாநாட்டுக்குப் பெரிய கம்பனிகள் தங்கள் ஆட்களைக் காசு கட்டி அனுப்புகின்றன. பக்கத்திலேயே புலமைப்பரிசில்களும் உண்டு, அவற்றில் எடுபட்டால் விமான டிக்கெட்டும் தங்குமிடமும் வரும். ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகப் பேரவை வருடாவருடம் நியூயோர்க்கில் நடத்தும் இளைஞர் மன்றத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, டிக்கெட் உங்கள் பாடு. காசு எங்கேயிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில்தான் யோசிக்கவேண்டும். விண்ணப்பிக்கவே காசு, அதோடு மூன்று சினேகிதரைப் பேஸ்புக்கில் இழுத்துவிடு என்றும் கேட்டால் அக்கா படிவத்தை நிரப்பித் தருவார், ஆனால் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் தருவார்.

வயதையும் பாருங்கோ. ஐ.நா. கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24, பொதுநலவாயத்தில் 15 முதல் 29, மாநாடுகள் தங்கள் இஷ்டத்துக்கு 18-30, 18-35 என்று போடும். விண்ணப்பிக்கிற நாளின் வயதா, மாநாடு நடக்கிற நாளின் வயதா என்பது சின்ன எழுத்தில் கிடக்கும்.

இனி கட்டுரை. இந்தக் கடையின் நல்லதும் கெட்டதும் இரண்டும் இந்த இடத்தில்தான்.

நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பத்தை 500 சொற்களுக்குள் எழுதுக என்று கேள்வி. இரண்டாவது கொம்பியூட்டரில் இருக்கிற தம்பி ஒரு போல்டரைத் திறந்து காட்டினான். முன்னர் வந்த ஆட்கள் எழுதிய கட்டுரைகள். பெயரையும் ஊரையும் மாற்றிப்போட்டால் முடிந்தது, முந்நூறு ரூபாய். நாலைந்தைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் முப்பது வருடப் போரில் தொடங்கி ‘மாற்றத்தின் முகவராக விரும்புகிறேன்’ என்று முடிகின்றன. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டுத் தம்பி என்னிடம், “முள்ளிவாய்க்காலை முதல் வரியில போடுங்கோ அக்கா, உடன எடுப்பினம்” என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை, உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னான். 2009இல் எனக்குப் பத்து வயது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. ஒரு படிவத்தின் நாலாம் இலக்கப் பெட்டிக்குள் சொல்ல இல்லை.

அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “உமக்குச் சொல்ல விருப்பமெண்டா எழுதும். அவைக்கு விருப்பமெண்டு எழுதாதையும்.” பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கழகத்தில என்ன செய்தனீர்? சிரமதானம். அது எல்லாரும் செய்யிறது, வேற? 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த சனத்துக்குச் சாமான் குடுத்தனாங்கள். குடுத்தது ஆர், கணக்கு வைச்சது ஆர்? நான். எதில? சி.ஆர். கொப்பியில. அந்தக் கொப்பி இருக்கோ?

இருந்தது. அடுத்த முறை கொண்டு போனேன். தண்ணீர் பட்டு ஓரம் ஊதிப்போன கொப்பி. குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள், பால்மாக் குடிக்கிற பிள்ளைகள், பாய், நுளம்பு வலை என்று கோடு கீறி நிரல் போட்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு பெயருக்கு நேரே இரண்டாவது பொதி என்று எழுதி வெட்டியிருந்தது. “இது என்ன?” அது என்னுடைய பெரியம்மா. அவவுக்கு இரண்டாவது பொதி குடுக்க மாட்டேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், தைப்பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா சிரித்துவிட்டு, “இதை எழுதும்” என்றார்.

அதைத்தான் எழுதினேன். ஆங்கிலம் என்னுடையது, அக்கா இரண்டு இடத்தில் வசனம் நீளம் என்று வெட்டினார், அவ்வளவுதான். இதற்கு அவர் எடுத்தது படிவம் நிரப்புகிற ஐந்நூறு ரூபாய் மட்டும். கொழும்பில் இணையம் வழியாக இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் யாரும் என்னிடம் கொப்பி இருக்கிறதா என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அக்கா நிற்கிற நேரம் பார்த்துப் போங்கோ. தம்பியிடம் அகப்பட்டால் போல்டர்தான்.

மற்ற அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெயர்: அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்து எழுதுகிற எங்களுக்கு, முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற பெட்டிகள் எப்போதும் தலையிடி. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல் போடச் சொல்லுவார், மாநாட்டில் அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, விமான நிலையத்தில் பிரச்சினை வராது. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முதலில் அதை எடுக்கவேண்டும். முன்னர் எங்களுக்கு வவுனியாதான் கிட்ட, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலும், அதாவது மாவட்டச் செயலகத்திலும், கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகவேண்டும், கடையில் மொழிபெயர்த்துத் தருவது செல்லாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கிராம அலுவலரின் நற்சான்றைப் பரிந்துரைக் கடிதம் என்று ஏற்றாதீர்கள். உங்களோடு வேலை செய்த ஒருவர் எழுதவேண்டும், அதை அவரே நேரடியாக அனுப்பும்படி கேட்கிற இடங்களும் உண்டு. விரிவுரையாளரிடம் கேட்பதென்றால் பரீட்சை விடைத்தாள் திருத்துகிற காலத்துக்கு முன்னமே கேட்டுவிடுங்கோ.

முடிவு நேரம் இரவு 23:59 ஜி.எம்.டி. என்று போட்டிருந்தால் எங்களுக்கு அது மறுநாள் விடிய 5:29. இதைக் கேட்டு சந்தோசப்பட்டுக் கடைசி இரவுக்குத் தள்ளி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடை இரவு எட்டு மணிக்குப் பூட்டு. வீட்டில் டேட்டாவை நம்பி இருந்தால் நடுச்சாமத்தில் அந்தத் தளத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கான் செய்த கோப்பு 2 எம்.பி.க்கு மேல் போனால் பல படிவங்கள் ஏற்காது, அக்கா எழுத்துத் தெளிவு கெடாமல் சுருக்கித் தருவார். இந்த வேலையில் அந்தத் தம்பியும் கெட்டிக்காரன், சொல்லத்தான் வேண்டும்.

குறைத்த புள்ளிக்கு வருகிறேன். கட்டுரைப் போல்டர் பாதிக் காரணம். மிச்சப் பாதி, கொம்பியூட்டர் திரை வாசலைப் பார்த்து இருப்பது. என்னுடைய வங்கிக் கணக்கு விபரம் திறந்திருந்தபோது பின்னால் ஓ.எல். பெறுபேறு பார்க்க நின்ற பிள்ளைகளும் தாய்மாரும் சேர்ந்து வாசித்தார்கள். ஒரு அம்மா, “ஐயோ, இவ்வளவுதானோ” என்று வாய்விட்டே சொன்னா. அதைவிட மோசம், ஆட்களின் கடவுச்சீட்டு, அடையாள அட்டை ஸ்கான்கள் எல்லாம் டெஸ்க்டொப்பில் அப்படியே கிடக்கின்றன. நான் எழும்ப முதல் என்னுடையதை அழிப்பித்து, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிப்பித்தேன். முகம் கோணாமல் செய்தார்கள். கேட்டால்தான் செய்கிறார்கள் என்பதுதான் முறைப்பாடு.

விண்ணப்பித்த இரண்டில் ஒன்றிலிருந்து அன்றிரவே மெயில் வந்தது. வாழ்த்துக்கள், தெரிவாகிவிட்டீர்கள், சொந்தச் செலவுப் பிரிவில். ஹோட்டல் அறை பகிர்வதற்கும் சான்றிதழுக்கும் சேர்த்துச் சில நூறு டொலர், டிக்கெட் தனி, மூன்று நாளுக்குள் கட்டினால் விலைக்கழிவு. அக்காவிடம் போனைக் காட்டினேன். “ஐந்நூறு சொல்லு எழுதினனீர், வாசிக்கக்கூட நேரம் எடுக்கேல்லையே” என்று அவர்தான் என்னைவிடக் கோபப்பட்டார். காசு கட்டவில்லை. அதற்குப் பிறகும் கழிவு கூடிக் கூடி மெயில் வந்துகொண்டிருக்கிறது.

மற்றது சூமில் நேர்முகம் வைத்தார்கள். வீட்டில் சிக்னல் இல்லை என்று அக்கா கடையின் பின்னறையைத் தந்தார். போட்டோப் பிரதித் தாள் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து பேசினேன், அதற்கு நூறு ரூபாய். பெரியம்மாவைப் பற்றித்தான் கூடக் கேட்டார்கள், இப்போது கதைக்கிறாவோ என்றும் கேட்டார்கள். கதைக்கிறா. முடிவு இன்னும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: திங்கள் காலையில் போகவேண்டாம், கச்சேரி அலுவலுக்கு வந்த சனம் அவ்வளவும் அங்கேதான் நிற்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அக்கா ஆறுதலாக இருப்பார். பௌர்ணமிப் போயா நாளுக்குப் பூட்டு. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேட்டுக்கொண்டு போங்கோ, கடை அட்டையால் கட்டினால் தரகு எடுப்பார்கள். உங்கள் கோப்புகளைப் போட்டுக்கொண்டு வர ஒரு பென் டிரைவ் கொண்டு போங்கோ. கழகத்தில் எழுதிய கொப்பி ஏதும் இருந்தால் அதையும்.