லாஸ் வேகஸில் தம்பதியாக நான்கு இரவு: ஸ்ட்ரிப்பா, ஃப்ரீமான்ட் தெருவா?

லாஸ் வேகஸ் என்றதும் நினைவுக்கு வரும் பெல்லாஜியோ நீரூற்றும் ஈஃபிள் கோபுரத்தின் நகலும் லாஸ் வேகஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. அவை நிற்கும் ஸ்ட்ரிப் என்ற கேசினோ விடுதிச் சாலையின் பெரும்பகுதி, சஹாரா அவென்யூவுக்குத் தெற்கே கிளார்க் கவுன்டி நிர்வாகத்தில் வருகிறது. பழைய ஊர் அங்கிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் வடக்கே, ஃப்ரீமான்ட் தெருவைச் சுற்றி இருக்கிறது. இரண்டு இடத்திலும் கேசினோ உண்டு, சாப்பாடு உண்டு, தங்கும் அறை உண்டு. ஆனால் அதே இரண்டாயிரம் டாலர் ஓரிடத்தில் நான்கு இரவுக்கு வரும், இன்னோரிடத்தில் இரண்டாவது இரவிலேயே கரைந்துவிடும். இந்த வித்தியாசம் அறை வாடகையால் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வருவது மேசை விதிகளால்.

எனவே முதலில் மேசை. 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். அந்த மேசையின் துணிவிரிப்பில் ஒரு வரி அச்சிட்டிருக்கும்: பிளாக்ஜாக் விழுந்தால் 3-க்கு 2 தருவோம், அல்லது 6-க்கு 5 தருவோம். உட்காரும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். 10 டாலர் வைத்து முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்துமாக வந்தால், அதாவது பிளாக்ஜாக் விழுந்தால், 3-க்கு 2 மேசையில் 15 டாலர் கிடைக்கும், 6-க்கு 5 மேசையில் 12 தான். பிளாக்ஜாக் சராசரியாக 21 கைக்கு (ஆட்டச் சுற்றுக்கு) ஒருமுறை விழுகிறது. ஒவ்வொரு முறையும் மூன்று டாலர் குறைவதால், வைக்கிற பணத்தில் கேசினோவின் சராசரிப் பங்கு ஏறக்குறைய 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டைப்படி பிசகாமல் ஆடினால் நல்ல 3-க்கு 2 மேசையில் அந்தப் பங்கு அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 6-க்கு 5 மேசையில் அது இரண்டு சதவீதம் ஆகிவிடும்.

ஸ்ட்ரிப்பில் வார இறுதியில் 25 டாலர் மேசை என்றால் பெரும்பாலும் 6-க்கு 5 தான். 3-க்கு 2 வேண்டுமென்றால் 50 டாலரோ அதற்கு மேலோ குறைந்தபட்சப் பந்தயம் கேட்பார்கள். ஃப்ரீமான்ட் பக்கம் 10, 15 டாலருக்கே 3-க்கு 2 மேசை தேடிப் பிடிக்கலாம். 1941-இல் திறந்த எல் கோர்ட்டெஸ், ஒரே சீட்டுக்கட்டு வைத்து ஆடும் 3-க்கு 2 ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற இடம்.

மணிக்கு 70 கை வீதம் ஒருவர் நான்கு மணி நேரம் ஆடுவதாகக் கொள்வோம். ஸ்ட்ரிப்பில் 25 டாலர் மேசையில் அவர் மொத்தமாக வைப்பது 7,000 டாலர். இரண்டு சதவீதம் போனால் சராசரி இழப்பு 140 டாலர். ஃப்ரீமான்ட்டில் 15 டாலர் மேசையில் வைப்பது 4,200 டாலர், அரை சதவீதத்தில் இழப்பு 21 டாலர். கணவன் மனைவி இருவரும் ஆடினால் ஒரே மாலையில் 238 டாலர் வித்தியாசம். நல்ல ஸ்டேக்ஹவுஸில் இருவர் சாப்பிடும் இரவுச் சாப்பாட்டுக் காசு அது. சராசரி என்பது ஒரு மாலைக்கான உத்தரவாதம் இல்லை. அதிர்ஷ்டம் இரு பக்கமும் அடிக்கும். ஆனால் நான்கு நாள் தொடர்ந்து ஆடுகிறவர்களை இந்தக் கணக்கு மெல்ல மெல்ல எட்டிப் பிடிக்கும்.

எண் சக்கரத்தில் பந்து உருளும் ரூலட்டில் பச்சைக் கட்டங்களை எண்ணுங்கள். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் கேசினோவின் பங்கு 2.70 சதவீதம், இரட்டைப் பூஜ்யத்தில் 5.26. பூஜ்யம், இரட்டைப் பூஜ்யத்தோடு மூன்றாவதாக இன்னொரு பச்சைக் கட்டமும் இருந்தால் 7.69. அந்த மூன்றாவது கட்டத்தில் சில இடங்களில் கேசினோவின் சின்னம் இருக்கும், அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். மூன்று பூஜ்யச் சக்கரங்கள் ஸ்ட்ரிப்பில் பரவிக் கிடக்கின்றன. ஒற்றைப் பூஜ்யம் அங்கேயும் உண்டு, ஆனால் குறைந்தபட்சப் பந்தயம் அதிகம். ஃப்ரீமான்ட்டில் இரட்டைப் பூஜ்யத்தோடு திருப்திப்படுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அருகருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆட விரும்பும் ஜோடிக்கு எங்கள் முதல் சிபாரிசு, இயந்திரத்தில் ஆடும் சீட்டாட்டமான வீடியோ போக்கர். திரையில் இருக்கும் பரிசுப் பட்டியலில் ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் என்ற சீட்டுச் சேர்க்கைகளின் இரண்டு வரிகளையும் பாருங்கள். ஜாக்ஸ் ஆர் பெட்டர் ஆட்டத்தில் ஒரு காசுக்கு 9, 6 என்று இருந்தால் சரியாக ஆடுகிறவருக்கு 99.54 சதவீதம் திரும்பி வரும். 8, 5 என்றால் 97.30. 6, 5 என்றால் 95 தான். 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு வைத்து மணிக்கு 500 கை ஆடினால் 625 டாலர் சுழல்கிறது. 9, 6 இயந்திரத்தில் மணிக்கு மூன்று டாலர் போகும், 6, 5 இயந்திரத்தில் 31. இரண்டும் ஒரே வரிசையில், ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்! எப்போதும் ஐந்து காசு வையுங்கள். மிக உயர்ந்த சேர்க்கையான ராயல் ஃப்ளஷுக்கு ஒரு காசில் 250, ஐந்து காசில் 4,000 என்று பட்டியல் எகிறுவது அந்த ஐந்தாவது காசில்தான். பணம் போதாதென்றால் காசின் எண்ணிக்கையைக் குறைக்காமல், சிறிய மதிப்பு இயந்திரத்துக்கு மாறுங்கள்.

பகடை ஆட்டமான க்ராப்ஸ் பற்றி சுருக்கமாக: பாஸ் லைன் என்ற அடிப்படைப் பந்தயத்தில் கேசினோவின் பங்கு 1.41 சதவீதம், அதன் பின்னால் கூடுதலாக வைக்கும் ஆட்ஸ் பந்தயத்தில் பூஜ்யம். மேசை நடுவில் இருக்கும் பந்தயங்களைத் தொடாதீர்கள். அடுத்த வீச்சில் ஏழு விழும் என்று கட்டும் பந்தயத்தில் மட்டும் 16.67 சதவீதம் போகிறது. முதன்முறை பகடை உருட்டும் ஜோடிக்கு ஃப்ரீமான்ட்டின் சிறிய மேசைகளே ஏற்றவை, நிதானமாகச் சொல்லித்தருவார்கள்.

ஃப்ரீமான்ட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கேசினோ சென்டர் சாலையை ஃப்ரீமான்ட் தெரு வெட்டும் நாற்சந்தியின் நான்கு மூலைகளிலும் கோல்டன் நகட், பினியன்ஸ், ஃபோர் குவீன்ஸ், ஃப்ரீமான்ட் ஆகிய நான்கு கேசினோக்கள் நிற்கின்றன. பத்தே நிமிடத்தில் நாலையும் சுற்றி மேசை விதிகளை ஒப்பிட்டுவிடலாம். ஸ்ட்ரிப்பில் பக்கத்துக் கட்டடம் என்று கண்ணுக்குத் தெரிவது இருபது நிமிட நடை. அதனால் விதி சரியில்லை என்று தெரிந்தும் மக்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் கதை தலைகீழ். வகை, தரம், காட்சி எதிலும் ஸ்ட்ரிப்புக்கு ஈடு கிடையாது. சீசர்ஸ் பேலஸின் பக்கனால் பஃபே, வின் விடுதியின் பஃபே, எம்ஜிஎம் கிராண்டின் ஜோயல் ரோபுஷான் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான். தம்பதிக்கு ஒரே ஒரு ஸ்ட்ரிப் இரவு என்றால் நீரூற்று தெரியும் மேசையைப் பிடியுங்கள். பெல்லாஜியோவுக்குள் ஸ்பாகோ, லாகோ உண்டு. எதிர்ச்சாரியில் பாரிஸ் விடுதியின் ஈஃபிள் டவர் உணவகம் உண்டு. முன்பதிவில் ஜன்னலோர மேசை வேண்டும் என்று குறிப்பில் எழுதுங்கள். கிடைக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். நேரம் எட்டு மணிக்குப் பிறகாக இருக்கட்டும். பகலில் அரை மணிக்கு ஒருமுறை எழும் நீரூற்று, இரவில் கால் மணிக்கு ஒருமுறை எழும். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். வசந்த காலத்தில் இந்த ஏமாற்றம் சகஜம், ஆகவே அந்தச் சாப்பாட்டைக் கடைசி இரவுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

பில் எங்கே பழுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெனுவில் 100 டாலர் என்றால் 8.375 சதவீத விற்பனை வரி சேரும், 18 முதல் 20 சதவீதம் டிப் சேரும், ஏறக்குறைய 128 ஆகும். சில ஸ்ட்ரிப் உணவகங்கள் இதற்கு மேல் நான்கைந்து சதவீதம் கன்செஷன் ஃபீ என்று பில்லில் தனியாக ஒரு வரி எழுதுகின்றன. அது அரசு வரியும் இல்லை, டிப்பும் இல்லை. ஆர்டர் கொடுக்கும் முன் மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

ஃப்ரீமான்ட்டின் பலம் பழைய பாணி விருந்து. ஃபோர் குவீன்ஸின் கீழ்த்தளத்தில் 1976 முதல் நடக்கும் ஹ்யூகோஸ் செல்லாரில் உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ரோஜாப்பூ தருகிறார்கள். சாலட் வண்டியை மேசைக்கே தள்ளிவந்து, கேட்டதைக் கேட்டபடி கலக்கிக் கொடுக்கிறார்கள். அந்த சாலட்டும், முடிவில் வரும் சாக்லேட் தோய்த்த பழமும் முக்கிய உணவின் விலையிலேயே அடக்கம். ஸ்ட்ரிப் ஸ்டேக்ஹவுஸ்களில் இறைச்சிக்கு ஒரு விலை, உருளைக்கிழங்குக்கு ஒரு விலை, கீரைக்கு ஒரு விலை. ஆகவே இரண்டு மெனுவையும் முதல் வரியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தப்புக் கணக்கு வரும். நள்ளிரவுப் பசிக்கு கலிஃபோர்னியா விடுதியின் மார்க்கெட் ஸ்ட்ரீட் கஃபேயில் மாட்டுவால் சூப் பிரபலம். ஹவாயிலிருந்து வருகிறவர்களால் வளர்ந்த விடுதி அது.

மாட்டிறைச்சி தொடாதவர்களும் சைவர்களும் ஃப்ரீமான்ட்டில் கொஞ்சம் திணறுவார்கள். அவர்களுக்கு ஸ்ட்ரிப்தான் சௌகரியம். வின், என்கோர் விடுதிகளின் உணவகங்களில் தனி வீகன் பட்டியலே கேட்டு வாங்கலாம்.

அறைக்கு வருவோம். விளம்பர வாடகையோடு அறை வரி ஏறக்குறைய 13 சதவீதம் சேரும், விடுதியே கட்டாயமாக வசூலிக்கும் ரிசார்ட் கட்டணம் தனியே சேரும். ஸ்ட்ரிப்பின் பெரிய விடுதிகளில் அந்தக் கட்டணம் இரவுக்கு 50 டாலரை ஒட்டி இருக்கும், அதற்கும் வரி உண்டு, நான்கு இரவுக்கு 200 டாலரைத் தாண்டிவிடும். 2025 மே மாதம் முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். ஆனாலும் அரசு வரிகள் கடைசித் திரையில்தான் ஏறும், அதைப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். சில ஸ்ட்ரிப் அறைகளின் மினிபாரில் எடை உணரி வைத்திருப்பார்கள், சொந்தத் தண்ணீர் பாட்டிலை வைக்க அங்கிருப்பதை நகர்த்தினாலே பில்லில் ஏறலாம்.

ஃப்ரீமான்ட் அறைகள் மலிவு, ஆனால் சத்தம் பொல்லாதது. 1995-இல் தெருவின் மேல் அமைத்த 420 மீட்டர் நீள ஒளிக்கூரையின் கீழ் நள்ளிரவு தாண்டியும் இசை அதிரும். தெருவைப் பார்த்த அறை வேண்டாம், உயர்ந்த தளம் வேண்டும் என்று முன்பதிவிலும் சொல்லுங்கள், வரவேற்பிலும் சொல்லுங்கள். அமைதி கட்டாயம் என்றால் கோல்டன் நகட்டின் பின்பக்கக் கோபுரங்களைப் பாருங்கள். சிறுவர் கூட்டம் இல்லாத இடம் வேண்டுமென்றால் 2020-இல் திறந்த சர்க்காவும், எல் கோர்ட்டெஸும் 21 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டுமே அனுமதிக்கின்றன.

புகை ஒத்துக்கொள்ளாத துணை இருந்தால் முடிவு வேறு. நெவாடா கேசினோக்களில் ஆடுகளத்திலேயே சிகரெட் பிடிக்கலாம். ஃப்ரீமான்ட்டின் பழைய கட்டடங்களில் கூரை தாழ்வு, புகை தங்கிவிடும். ஸ்ட்ரிப்பில் பார்க் எம்ஜிஎம் 2020 முதல் முழுக்கப் புகையில்லா கேசினோ விடுதி. ஆஸ்துமா உள்ளவர்கள் மேசை விதிக் கணக்கையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அங்கே தங்குவதே சரி.

இரண்டுக்கும் இடையே டியூஸ் என்ற இரட்டை அடுக்குப் பேருந்து ஓடுகிறது, 24 மணி நேரச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மாலையில் நெரிசலில் ஊர்ந்துதான் போகும். மோனோரயில் ஃப்ரீமான்ட்டுக்கும் போகாது, விமான நிலையத்துக்கும் போகாது.

தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடும் ஜோடி ஃப்ரீமான்ட்டில் தங்கி, இரண்டு இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஸ்ட்ரிப்புக்குப் போய்வரட்டும். சாப்பாடும் காட்சியும்தான் முக்கியம், சூதாட்டம் ஒரு மணி நேர வேடிக்கை என்பவர்கள் ஸ்ட்ரிப்பில் தங்கலாம், அந்த ஒரு மணிக்கு 6-க்கு 5 மேசையின் இழப்பு பெரிதாகத் தெரியாது. இரண்டிலும் ஞாயிறு முதல் வியாழன் வரைதான் விலை இறங்கும். ஜனவரியில் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சி வாரத்தையும், நவம்பரில் ஃபார்முலா 1 பந்தய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு ஸ்லாட், வீடியோ போக்கர் இயந்திரங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரிய பரிசு அடித்தால் வெளிநாட்டவர் என்பதால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் தருவார்கள். இந்தியாவுடனான வரி ஒப்பந்தம் இதில் விலக்கு தரவில்லை, தோற்ற பணத்தைக் கழிக்கவும் வழியில்லை. பிளாக்ஜாக், பக்காரா, க்ராப்ஸ், ரூலட் வெற்றிகளுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. ஆகவே பெரிய தொகை எதிர்பார்த்து ஆடுகிறவர்கள் மேசைப் பக்கமே இருக்கட்டும். அமெரிக்காவில் வரி வசிப்பாளராக இருப்பவர்களுக்கு ஸ்லாட் பரிசு அறிக்கை வரம்பு 1,200 டாலராக இருந்து 2026 முதல் 2,000 ஆகியிருக்கிறது. ஆனால் அதே ஆண்டிலிருந்து இழப்பில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்கலாம். 10,000 வென்று 10,000 தோற்றவருக்கும் 1,000 டாலர் வருமானமாகக் கணக்கில் நிற்கும்.

இருவரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், கைபேசியில் இருக்கும் படம் செல்லாது. மேசையில் பணத்தை டீலர் கையில் நீட்டாமல் துணிவிரிப்பின் மேல் வையுங்கள். இலவச பானம் கொண்டுவருகிறவருக்குக் கோப்பைக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுங்கள். பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் சிப்பும், மீதிப் பணத்துக்கு இயந்திரம் தரும் சீட்டும் கொடுத்த இடத்திலேயே காசாக்க வேண்டியவை. ஸ்ட்ரிப்பில் வாங்கிய சிப் ஃப்ரீமான்ட் காசாளரிடம் மாறும் என்று நம்பி எடுத்துப்போகாதீர்கள். இயந்திரச் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, பின்பக்கம் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு கேசினோவை விட்டு வெளியேறும்போதும் இருவரின் பையையும் ஒருமுறை துழாவிவிட்டு வாசலைத் தாண்டுங்கள்.