கந்தளாய் வீதியில் வாங்கிய பன்பாய்: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

கடந்த வைகாசியில், திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகும் வழியில் வீதியோரக் கடையொன்றில் ஆறடிப் பன்பாய் ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது ஒரு மாரியையும் அது கண்டுவிட்டது.

பேச்சில் பன்புல் என்றாலும், பாய் பின்ன உதவும் பன் உண்மையில் கோரைக் குடும்பத்துச் செடி. புல்லின் தண்டில் கணுக்கள் இருக்கும். பன்னின் தண்டோ நீருக்கு மேல் கணுவின்றி நெடுக ஓடுவதால், முறியாமல் தட்டையாக்கிப் பின்னுவதற்கு இசைகிறது. தமிழ்நாட்டுப் பத்தமடையில் கோரையைக் கீறி, நீளவாக்கில் கட்டிய நூலில் நெய்வார்கள்; இங்கே முழுத்தண்டையும் நூலில்லாமல் விரலாலேயே பின்னுகிறார்கள். காற்றில்லாத சேற்றில் கிடக்கும் வேருக்கு மேலிருந்து காற்றை இறக்குவதற்காக அத்தண்டின் உள்ளே பஞ்சு போன்ற துளைகள் நிறைந்திருக்கின்றன. கச்சான் காற்று வீசிய ஆடி இரவுகளில் அத்துளைகளின் அருமையை என் முதுகு நன்றாக அறிந்துகொண்டது. பிளாஸ்டிக் பாயில் வேர்த்து ஒட்டிக்கொள்ளும் தொல்லை இதில் இல்லை.

ஆனால் அதே பஞ்சு கார்த்திகை மழையில் ஈரத்தை இழுத்துக்கொண்டது. சுருட்டி மூலையில் வைத்த பாயில் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடித்தது. இதில் என் கவனக்குறைவும் உண்டு. சிவப்புச் சாயம் வெள்ளை விரிப்பில் ஊறியதற்கும், ஓரமடிப்பு நான்காம் மாதமே பிரிந்ததற்கும் மட்டும் கடைதான் பொறுப்பு.

பன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, கடைக்கார அம்மா, "கிட்ட இருந்த வில்லை ஆற்றுவாழை மூடிட்டுது தம்பி, இப்ப தூரத்துக் குளத்தில வெட்டுறம்," என்றார். வில் என்றால் நீர் தேங்கி நிற்கும் தாழ்நிலம். 1905இல் அழகுச் செடியாக இலங்கைக்குள் வந்த ஆற்றுவாழை, நீர்மேல் விரிந்து வெளிச்சத்தை மறைப்பதால் கீழிருந்து எழும் பன்குருத்து வளர்வதில்லை. பன்னின் தண்டை வெட்டுவது செடியை அழிப்பதாகாது. சேற்றுக்குள் கிழங்கு இருக்கும்வரை அது மறுபடி தளிர்க்கும், நீர்க்கோழிகளுக்கும் மறைவிடம் மிஞ்சும். வில்லை மண்ணிட்டு நிரப்பினால் கிழங்கும் போய்விடும். இந்த வீதியில் புதிதாக அளக்கப்படும் காணிகளைப் பார்க்கும்போது பாயின் விலை இன்னும் ஏறும் என்றே தோன்றுகிறது.

வாங்குவோர் சாயமிடாத பாயையே கேளுங்கள். ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். நானும் அப்படியொன்று சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளம் வடிந்து, பன் வெட்டிக் காய்ந்த பிறகே பின்ன முடியும் என்பதால், பங்குனி வரை காத்திருக்கச் சொன்னார் அந்தக் கடைக்கார அம்மா.