தேன்கூட்டை அகற்றும் சேவைகள்: யாரைக் கூப்பிடலாம், யாருக்குப் பணம் தரலாம்?

வீட்டில் தேனீ கூடு கட்டிவிட்டால் கூப்பிட நாலு பேர் இருக்கிறார்கள்: பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனம், தேன் எடுப்பவர், பெட்டியில் தேனீ வளர்ப்பவர், தீயணைப்புத் துறை. ‘கூட்டை எடுத்துக் கொடுக்கிறோம்’ என்று நால்வருமே சொல்வார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் வேலை வேறு, வேலை முடிந்த பிறகு சுவரில் மிஞ்சுவதும் வேறு. எங்கள் கணிப்பில் முதலிடம் பெட்டிக்காரருக்குத்தான். ஆனால் எல்லா வகைத் தேனீயும் அவர் கைக்குள் அடங்காது. அதனால் போனை எடுப்பதற்கு முன்னால், கட்டியிருப்பது எது என்று பத்தடி இருபதடி தள்ளி நின்று பார்த்துவிடுங்கள்.

சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, உயரமான கட்டடத்தின் விளிம்பு என்று வெட்டவெளியில் முறம் போல ஒரே ஒரு பெரிய அடை தொங்கினால் அது மலைத்தேனீ. மீட்டர் பெட்டி, சுவர்ப் பொந்து, கவிழ்த்த பானை என்று இருட்டான இடத்துக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. செடிக் கிளையைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை இருந்தால் கொம்புத்தேனீ. அதை அப்படியே விட்டுவிடலாம். கட்டாயம் எடுக்க வேண்டுமென்றால் கிளையோடு வெட்டி வேறு மரத்தில் கட்டினாலே போதும். காகிதம் போன்ற மேலோட்டோடு உருண்டையாக இருந்தால் அது தேன்கூடே இல்லை, கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு. அதற்குப் பெட்டிக்காரரும் வேண்டாம், தேன் எடுப்பவரும் வேண்டாம். நேராகத் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு: அடையே இல்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாகத் தொங்குவது. இது தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து, புது இடம் தேடும் வழியில் இளைப்பாறும் கூட்டம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே கிளம்பிவிடும். இதற்கு மருந்தடிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பது வீண் செலவு.

மருந்தடிக்கும் சேவைக்கு நாங்கள் கடைசி இடம்தான் கொடுக்கிறோம். வேகம் ஒன்றுதான் அதன் பலம். பைரித்ராய்டு வகை மருந்து பட்டவுடன் தேனீக்கள் கொத்துக்கொத்தாக விழும், வாடிக்கையாளருக்கும் திருப்திதான். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சுவருக்குள் அடுக்குத்தேனீ செத்தால், அடையைக் காக்க ஆள் இல்லை. உள்ளே இருக்கும் புழுக்கள் அழுகும். சிறகால் விசிறிக் குளிர்விக்க ஆளில்லாத அடை வெயிலில் இளகி, தேன் சுவர் வழியே கசியும். அடுத்து எறும்பு வரும், மெழுகுப்பூச்சி வரும். கடைசியில் சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும். அந்தத் தேனைச் சாப்பிடவே கூடாது. மேய்ச்சலுக்குப் போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து அதே இடத்தைச் சுற்றுவதால் ஒரு நாள், இரண்டு நாள் கொட்டுவாங்கும் அபாயமும் இருக்கிறது. கடையில் வாங்கும் கரப்பான் ஸ்பிரேயோ இதைவிட மோசம். அடிக்கிற ஆள் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

தேன் எடுப்பவர்கள் துணிச்சலான, கைத்திறன் உள்ள தொழிலாளிகள். ஆனால் அவர்கள் கண் தேன் இருக்கும் பகுதியில்தான். மலைத்தேனீ அடையில் தேன் ஒரு மேல் மூலையில் தடித்திருக்கும், மற்றதெல்லாம் புழுவும் கூட்டுப்புழுவும். தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விட்டால், அதே இடத்தில் தேனீக்கள் மறுபடியும் கட்டும். பேசும்போதே ‘முழு அடையும் இறங்க வேண்டும், மெழுகைச் சுரண்டித் தர வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். தீப்பந்தத்தோடு வந்தால் சம்மதிக்காதீர்கள். பக்கத்தில் ஏசி யூனிட், ஒயர், காய்ந்த ஓலை ஏதாவது இருக்கும்.

பெட்டிக்காரர் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் கொடுக்கிற பணத்தின் அருமை புரியும். சாயங்காலம் வருவார். புகைக்கருவியில் தேங்காய் நாரைக் கனியவிட்டு, லேசாக ரெண்டு மூணு தடவை மட்டும் அடிப்பார். புகை அதிகமானால் அடுக்குத்தேனீ கூட்டைவிட்டே ஓடிவிடும். பிறகு அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ளதை மட்டும் மரச்சட்டத்தின் அளவுக்கு வெட்டி, நனைத்த வாழைநாரால் கட்டுவார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டில் மேல்பக்கமாக இருந்த விளிம்பு சட்டத்திலும் மேல்பக்கமே வர வேண்டும். அறைகள் வாய்ப்பக்கம் சற்று உயர்ந்து சாய்ந்திருக்கும், தலைகீழாகக் கட்டினால் எல்லாம் கெட்டுவிடும். தேன் அடையைச் சட்டத்தில் கட்டமாட்டார். கனம் தாங்காமல் அறுந்து விழும், எறும்பையும் இழுக்கும்.

ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலைக்காரத் தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றை அழைக்கும், கூட்டம் வரிசையாக உள்ளே நடந்து போகும். வாசலில் ராணி வெளியேற முடியாத தடுப்பைப் பொருத்துவார். அடைகள் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்வரை சில நாள் அந்தத் தடுப்பு இருக்க வேண்டும். இருட்டி, வெளியே போனவை எல்லாம் திரும்பும்வரை பெட்டியை அங்கேயே விட்டுவைத்து, பிறகு வாசலை அடைத்து எடுத்துப் போவார். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால்தான் தேனீக்கள் பழைய இடத்துக்குத் திரும்பாது. அங்கே ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் கலந்து பாகு வைப்பார். ‘பகலில் வந்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேய்ச்சலுக்குப் போன தேனீக்கள் உங்கள் வீட்டிலேயே நின்றுவிடும்.

மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. எனவே கேள்வி ஒன்றுதான்: எடுக்க வேண்டுமா, விட்டுவைக்கலாமா? ஆள் நடமாட்டம் இல்லாத உயரம் என்றால் விட்டுவைக்கத்தான் நாங்கள் சொல்வோம். சில மாதங்களில் பருவம் மாறும்போது அதுவே கிளம்பிவிடும். அதுவரை கூட்டுக்கு நேரான விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள், ஜன்னலை மூடுங்கள். அடைமேல் அலை அலையாக ஓடும் மினுமினுப்பு, கதண்டு போன்ற எதிரியைக் கண்டால் காட்டும் மிரட்டல். அதைப் பார்த்தால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். பள்ளி வாசல், படிக்கட்டு, குழந்தைகள் விளையாடும் பால்கனி என்றால் காத்திருக்க முடியாது. தீயணைப்புத் துறையையோ, முழு உடை, கயிறு, உதவியாள் எல்லாம் உள்ள அனுபவசாலியையோ இரவில் வரவழையுங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருக்க வேண்டும், தேனீக்குச் சிவப்பு நிறம் தெரியாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுங்கள். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் ஒரே கொட்டாக இருந்தாலும் 108. பல கொட்டுகள் வாங்கியவர் தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

யாரைக் கூப்பிட்டாலும் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஏணியில் ஏறச் சொல்லி, மெழுகுத் தடம் போயிருக்கிறதா என்று பாருங்கள். கரண்டியால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, காய்ந்ததும் அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். பழைய மெழுகு வாசனை அடுத்த கூட்டத்தை அதே இடத்துக்கு இழுக்கும். பொந்தாக இருந்தால் சிமென்ட் பூசி அடைக்கலாம். மீட்டர் பெட்டியின் காற்றுத் துளைக்குத் தேனீ நுழைய முடியாத சன்னக் கம்பிவலை போதும்.