பின்பால் இயந்திரம்: விநியோகஸ்தரிடமா, தயாரிப்பாளரிடமா?

பின்பால் என்பது சாய்ந்த ஆடுகளத்தில் உருளும் உலோகக் குண்டைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் விளையாட்டு. அமெரிக்காவில் அதற்கான புதிய இயந்திரம் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். இவற்றைத் தயாரிக்கும் ஸ்டெர்ன் நிறுவனத்தின் ‘புரோ’ வகை ஏறத்தாழ 7,000 டாலர். அந்த விளம்பர விலை கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை. ஆறாம் மாதம் இடது ஃபிளிப்பர் (குண்டை அடிக்கும் துடுப்பு) அசையாமல் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதை விசாரியுங்கள்.

சிகாகோவுக்கு அருகே இயங்கும் ஸ்டெர்ன், விநியோகஸ்தர்கள் வழியாக விற்கிறது. உத்தரவாதக் காலத்தில் பழுது என்றாலும் அவர்களிடம்தான் போக வேண்டும். இதைச் சுற்றுவழி என்று சிலர் குறைபடுகிறார்கள். எனக்கு இது பெரிய பாதுகாப்பாகவே தெரிகிறது. நல்ல விநியோகஸ்தர் பெட்டியைப் பிரித்து, நான்கு கால்களையும் முடுக்கி, ஆடுகளத்தின் சாய்வை ஆறரை டிகிரிக்குச் சரிசெய்து, நான்கைந்து ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகே உங்கள் வீட்டுக்கு அனுப்புவார். வழியில் கழன்ற ஒரு வயர் இணைப்பு அங்கேயே கண்ணில் பட்டுவிடும். பழைய இயந்திரத்தை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொடுப்பவர்களும் உண்டு.

எல்லோரும் அப்படியில்லை. வந்த பெட்டியை அப்படியே லாரியில் ஏற்றி, வாசலோடு இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியை மாடிக்கு ஏற்றுவது உங்கள் பாடு. பிரித்துச் சோதிப்பார்களா, வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நேரடியாக வாங்குவதன் இன்பம் சிறிய நிறுவனங்களிடம் இருக்கிறது. டெக்சாஸின் மல்டிமார்ஃபிக் தயாரிக்கும் பி3 இயந்திரத்தில் கீழ்ப்பகுதி ஒரு திரை. மேல்பகுதியைக் கழற்றி மாட்டினால் வேறொரு ஆட்டம். இத்தகைய தனிவகை இயந்திரத்தில் சந்தேகம் வந்தால், அதை உருவாக்கியவர்களே பதில் சொல்வதற்கு ஈடு கிடையாது.

ஆபத்து முன்பணத்தில் இருக்கிறது. பிரிட்டனின் ஹைவே பின்பால் 2018இல் மூடப்பட்டபோது, முழுப் பணம் கட்டியிருந்த பலருக்கு இயந்திரமும் வரவில்லை, பணமும் வரவில்லை. வாங்கியவர்களின் பணத்திலேயே தொழிற்சாலை ஓடினால் இதுதான் நடக்கும். பல நிறுவனங்களின் இயந்திரங்களை விற்கும் விநியோகஸ்தர் ஒரே தயாரிப்பை நம்பி நிற்பதில்லை.

முதல் இயந்திரம் வாங்குகிறவருக்கு, ஓட்டிப் போகும் தூரத்தில் கடை வைத்திருக்கும் விநியோகஸ்தரையே சொல்வேன். புதிய நிறுவனத்திடம் நேரடியாக வாங்க ஆசைப்பட்டால், முதலில் தயாராகி வந்த இயந்திரங்கள் பிறர் வீடுகளில் ஓடுவதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.